அரைச் சாண் தண்ணீர்

நான் வேலை செய்யும் அலுவலகத்தில் வாவியின் நீர்மட்டக் கணக்கு என் பொறுப்பு. பாலத்தடியில் அடையாளமிட்ட கம்பொன்று நட்டிருக்கிறது. தினமும் காலையில் ஊழியர் ஒருவர் அதில் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்த்து எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார். நான் அதை நோட்புக்கில் ஏற்றுவேன்.

நோட்புக் என்றால் கொப்பி அல்ல. கணினி உலாவியில் திறக்கும் ஒரு பக்கம். அதில் கட்டம் கட்டமாக எழுதலாம். ஒரு கட்டத்தில் குறிப்பு, அடுத்ததில் கணக்குச் செய்யும் நிரல், அதற்குக் கீழேயே வரைபடம். எண்ணை மாற்றி மறுபடி ஓடவிட்டால் படமும் மாறும். யாரும் இலவசமாகப் பாவிக்கலாம். அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று உள்ளே திறந்தும் பார்க்கலாம். தொலைக்கல்வியில் பட்டம் படித்த காலத்தில் அதைக் கற்றுக்கொண்டேன். நாவற்குடாவிலிருந்து என் சொந்த மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். குறிப்புகளை எல்லாம் தமிழில் எழுதிவைத்திருந்தேன். நாளை வேறொருவர் திறந்தாலும் நான் என்ன நினைத்துக் கணக்குப் போட்டேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த மார்கழியில் ஐந்து நாள் விடாமல் மழை. வாவி நிரம்பிக்கொண்டிருந்தது. கடலோடு சேரும் இடத்தில் உள்ள மணல்திட்டை வெட்டித் திறந்துவிட்டால் வெள்ளம் வடியும். ஆற்றுவாய் வெட்டுவது என்பார்கள். எப்போது வெட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு மாரியிலும் சண்டை. பிந்தினால் வயல் மூழ்கும். முந்தினால் இறால் கடலுக்குப் போய்விடும். வடியும் நீரின் இழுவையில் வலையும் போகும். விவசாயிகள், மீனவர்கள் என இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச எங்கள் அலுவலகத்திலேயே கூட்டம் வைத்தார்கள்.

கூட்டத்துக்கு முன் மேலதிகாரி என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், ஒரு படத்தை பிரிண்ட் எடுத்துக் குடுத்தாப் போதும்தானே? எல்லாத்தையும் திறந்து காட்டினா கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும் சேர்" என்றேன். "கேக்கிறதுக்குத்தானே வாறாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் புரொஜெக்டரில் நோட்புக்கைத் திறந்து வைத்தேன்.

திரையில் இரண்டு கோடுகள். நீலம் வாவியின் நீர்மட்டம். சிவப்பு, மேற்குக் கரையான படுவான்கரையின் மிகத் தாழ்ந்த வயல்களின் வரம்பு உயரம். மழை இப்படியே பெய்தால் ஆறாம் நாள் நீலம் சிவப்பைத் தொடும் என்று விளக்கினேன்.

படுவான்கரையிலிருந்து வந்திருந்த வட்டை விதானையார் எழுந்தார். அங்குள்ள வயல்வெளி ஒன்றின் விவசாயிகள் எல்லோருக்காகவும் பேசுகிறவர் அவர்.

"ஆறு நாளா? எங்கட வட்டையில இப்பவே வரம்போட தண்ணி நிக்குது புள்ள. ஆறு நாள் பாத்திருந்தா வெள்ளாமைய ஆத்துக்குள்ளதான் தேடணும்."

தன்னாமுனையிலிருந்து மீனவர் சங்கத்துக்காக வந்தவர் அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆற்றுவாயை இப்போதைக்குத் தொடவே கூடாது என்பது அவர் கட்சி.

"இந்தக் கோட்டைப் பாத்து ஆத்துவாய் வெட்ட ஏலா" என்றார். "உங்கட கம்பே பிழை மிஸ். தீவாளிக்கு அடுத்த கிழமை தோணி இடிச்சு அது விழுந்தது. மறுகா அடியில கல்லு வெச்சு நட்டாங்க. நான் பாத்துக்கிட்டு நிண்டன். பழைய இடத்தில இருந்து அரைச் சாண் உசந்துதான் நிக்குது."

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். தீபாவளியை ஒட்டிய நாட்களைப் பெரிதாக்கினேன். அங்கே நீலக்கோடு ஒரே நாளில் படிபோல இறங்கியிருந்தது. பதினொரு சென்ரிமீற்றர். அதற்குப் பிறகு பல நாட்களாகப் பழைய உயரத்துக்கு அது திரும்பவில்லை. அந்தப் படியை நான் முன்பே பார்த்திருந்தேன். காற்றுக்குத் தண்ணீர் ஒதுங்கியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"ஐயா சொல்லுறது சரி" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "இஞ்ச கிடக்கு பாருங்க. நான்தான் கவனிக்கல்ல. இப்பவே திருத்துறன்."

கணக்குக் கட்டத்துக்கு மேலே புதிய கட்டமொன்றைச் சேர்த்து, அந்த நாளுக்குப் பின் வந்த எண்களோடெல்லாம் பதினொன்றைக் கூட்டச் சொல்லி ஒரு வரி எழுதினேன். ஓடவிட்டேன். படம் அசையவில்லை.

விதானையார் சிரித்தார். "புள்ள என்னத்த எழுதினாலும் அது தன்ட பாட்டைத்தான் படிக்குது."

மண்டபமே சிரித்தது. எனக்குப் பதற்றம் வரவில்லை. அதன் குணம் எனக்குத் தெரியும். ஒரு கட்டத்தை மட்டும் ஓடவிட்டால் மற்றவை பழைய எண்களையே பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சொல்லிவிட்டு, நினைவில் உள்ளதை எல்லாம் அழித்து முதல் கட்டத்திலிருந்து ஓடவிட்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் விழுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் படம் வந்தது. நீலக்கோடு மேலே ஏறியிருந்தது. மூன்றாம் நாளே சிவப்பைத் தொட்டது.

கம்பு உயர்ந்து நின்றதால் அது காட்டிய எண் குறைவு. உண்மையில் தண்ணீர் அதைவிடக் கூட. கோட்டை மறுக்கத்தான் தன்னாமுனைக்காரர் கம்பின் கதையைச் சொன்னார். அது அவருக்கே எதிராகத் திரும்பியதை அவர் முகத்தில் கண்டேன். விதானையார் அவரையே பார்த்தபடி இருந்தார். சொன்னதைத் தன்னாமுனைக்காரர் அப்போது மாற்றியிருக்கலாம். கம்பு விழுந்தபோது அங்கே நின்றவர் அந்த மண்டபத்தில் அவர் மட்டும்தான்.

"நான் கண்டதத்தான் சொன்னன்" என்றார். "அத மாத்த ஏலா. ஆனா எங்களுக்கு வலை எடுக்கிறதுக்கு ரெண்டு நாள் வேணும். இண்டைக்கே வெட்டினா எங்கட ஆக்கள் என்ன செய்யிற?"

"ரெண்டு நாள் பிந்தினா என்ன நடக்கும்? அதையும் அதில போட்டுப் பாருங்க புள்ள" என்றார் விதானையார்.

இன்று வெட்டினால், நாளை வெட்டினால், நாளை மறுநாள் காலையில் வெட்டினால் என்று மூன்று முறை எண்ணை மாற்றி ஓடவிட்டேன். கடைசியில் வந்த படத்தில் நீலம் சிவப்பை உரசாமல் கீழேயே வளைந்தது. இடைவெளி ஒரு விரல்தான். அதற்குமேல் மழை பெய்தால் பொறுப்பில்லை என்பதையும் சொன்னேன். இருவரும் திரைக்குக் கிட்ட வந்து நின்று பார்த்தார்கள். பிறகு விதானையார், "சரி, நாளையிண்டைக்கு விடியத் தொடங்குங்க" என்றார். மேலதிகாரி பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே கம்பை அளக்க ஆள் அனுப்பினோம். பத்தரைச் சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தது. நோட்புக்கில் அதைத் திருத்தி, கம்பு விழுந்த கதையையும் அது யார் கண்ணில் பட்டது என்பதையும் குறிப்பாக எழுதிவைத்தேன். நான் விட்ட பிழையையும் சேர்த்துத்தான்.

சொன்ன நாளில் வெட்டினார்கள். அதற்கு முதல் நாள் இரவு எதிர்பார்த்ததைவிட மழை கூடியதால் தாழ்ந்த வயல்களில் ஒரு பகுதி ஒன்றரை நாள் தண்ணீருக்குள் நின்றது. பயிர் அழுகவில்லை என்று விதானையார் அறிவித்தார். தன்னாமுனையில் வலை ஒன்றும் போகவில்லை. இறால் கொஞ்சம் போனதுதான்.

அடுத்த கிழமை தன்னாமுனைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், அந்தப் படத்தை ஒவ்வொரு நாளும் எனக்கு அனுப்ப ஏலுமா?"

"ஓம், அனுப்புறன். கணக்கும் வேணுமா?"

"கணக்கையும் அனுப்புங்க. பிழை இருந்தாச் சொல்லுறன்."

இப்போது தினமும் காலையில் அவருக்கும் விதானையாருக்கும் அனுப்புகிறேன். இதுவரை இரண்டு தரம் தன்னாமுனைக்காரர் பிழை சொல்லியிருக்கிறார். ஒன்று சரி. மற்றதில் நான்தான் சரி. அதை அவருக்கு எண்களோடு காட்டினேன்; ஒப்புக்கொண்டார்.