முட்டைப் பேப்பரின் சைட்டேஷன்

நியூ டவுனில் உள்ள ஒரு புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் டாகுமென்டேஷன் ஆபீசராக இருந்தேன். விஞ்ஞானிகள் எழுதிய பேப்பர்களைப் பட்டியல் போடுவது, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் தங்கள் பேப்பரில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவது, இதுதான் வேலை. அந்த எண்ணிக்கைக்கு சைட்டேஷன் என்று பெயர். அது கூடக் கூட ஆளுக்கு மதிப்பு. நான் படித்தது நூலக அறிவியல். கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வைதேகி மேடம் எங்கள் தொல்லுயிரியல் பிரிவின் தலைவர். கும்பகோணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே வங்காளத்துக் கரியாஹாட்டில். டைனோசர் முட்டைகள்தான் அவருடைய ஆராய்ச்சி. அவர் ஓய்வு பெறும் வருடம் டைரக்டர் அவர் பெயரை ஒரு வாழ்நாள் விருதுக்கு அனுப்ப முடிவு செய்தார். பட்டியலைச் சரிபார்க்க எனக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள்.

மேடம் தயாரித்த பட்டியலில் ஒரு பேப்பர் விட்டுப்போயிருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அவர் எழுதியவற்றில் அதற்குத்தான் சைட்டேஷன் அதிகம். மறந்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷமாக அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"மறக்கலை ரகு. நான்தான் எடுத்துட்டேன். அது தப்பு."

"என்ன தப்பு மேடம்?"

"அது முட்டையே இல்லை."

இளவயதில் ஒரு ஆற்றங்கரையில் உருண்டைக் கற்களைப் பார்த்து, டைனோசர் முட்டைகள் என்று எழுதிவிட்டாராம். பல வருடம் கழித்து ஒன்றை மெல்லிய தகடாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது ஓடே இல்லை. சுண்ணாம்பு உருண்டு இறுகிய கல். என்னையும் உட்கார வைத்துக் காட்டினார்.

"முட்டை ஓடுன்னா குட்டிக் குட்டித் தூண் மாதிரி நெருக்கமா நிக்கும். இதுல அது தெரியறதா?"

"கலர் கலரா என்னமோ தெரியறது மேடம்."

"நானும் அப்படித்தான் ஏமாந்தேன்" என்றார்.

தவறை அவரே ஒரு சின்ன உள்ளூர் இதழில் எழுதித் திருத்தியிருந்தார். அந்தத் திருத்தத்தை விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே குறிப்பிட்டிருந்தார்கள். பழைய பேப்பரைக் குறிப்பிட்டவர்களின் பேப்பர்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பெரும்பாலும் அது தவறு என்று சொல்லத்தான் குறிப்பிட்டிருந்தார்கள். சிலர் இன்னமும் முட்டை என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒரே கணக்கு. இத்தனை பேர் தவறு என்று சொல்வதும் செல்வாக்குதானா? எனக்குப் பிடிபடவில்லை.

டைரக்டர் போஸிடம் கேட்டேன். ஆங்கிலமும் வங்காளமும் கலந்துதான் பேசுவார். "ரகு பாபு, திட்டினா என்ன, புகழ்ந்தா என்ன? கமிட்டி நம்பரைத்தான் பார்க்கும். போட்டுடுங்க."

மேடமிடம் வந்து சொன்னேன்.

"அப்போ ரெண்டையும் போடு. தப்பு பண்ணினதும் நான், கண்டுபிடிச்சதும் நான்னு பக்கத்துலயே எழுது."

"அப்படி எழுதினா கிடைக்காம போயிடுமே மேடம்?"

"போனாலும் போகலாம். கிடைச்சா நன்னாத்தான் இருக்கும்."

அப்படியே எழுதினேன். கமிட்டிக்குக் காட்டுவதற்காக அந்தச் சின்ன இதழைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து நூலக இணையதளத்திலும் போட்டேன். டைரக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

விருது வேறொருவருக்குப் போனது. காரணம் சொல்லவில்லை. சாந்த்ராகாச்சி பஸ்ஸில் வீடு திரும்பும்போதெல்லாம், நான் வாயை மூடிக்கொண்டு நம்பரை மட்டும் போட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்று தோன்றும். மேடமிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

சில மாதம் கழித்து, வேறு மாநிலத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. மேடம் அதை என்னிடம் நீட்டினார். தானும் முட்டைகள் கிடைத்ததாக ஒரு பேப்பர் எழுதி வைத்திருந்ததாகவும், எங்கள் தளத்தில் அந்தத் திருத்தத்தைப் படித்துவிட்டுக் கற்களை அறுத்துப் பார்த்ததாகவும், ஒன்றுகூட முட்டை இல்லை என்பதால் பேப்பரை அனுப்பாமல் நிறுத்திவிட்டதாகவும் அந்தப் பெண் எழுதியிருந்தாள்.

"இதை எப்படி மேடம் கணக்குல சேர்க்கறது?"

"அவ எழுதாத பேப்பர்ல எனக்கு ஏது சைட்டேஷன்?" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் எண்ணுவதற்கு முன்னால் திறந்து படியுங்கள். படித்தாலும் எல்லாம் தெளிந்துவிடாது. அந்தக் கடிதத்துக்கு எங்கள் படிவத்தில் இடமே இல்லை. அவருடைய பைலில், பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் கோத்து வைத்தேன்.