ஆற்றுப் பக்கக் கோல்

நடந்தது இது. 1996 செப்டம்பர் 14, சனிக்கிழமை. பட்டப்பகலில், மூவாயிரம் பேர் உட்கார்ந்திருந்த மைதானத்தில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமமும் சுடுகாடும் வேண்டும் என்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். அந்த மூவாயிரம் பேரில் அதைக் கேட்டவள் ஒருத்திதான்.

சண்முகசுந்தரி. வயது இருபத்து நாலு. அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள். அந்தத் தெருவிலேயே முதல் பி.ஏ. வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர். மூன்று வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மாவட்ட மழை அளவு வாசிக்க வேண்டும். மணிமுத்தாறு இத்தனை மில்லிமீட்டர், பாளையங்கோட்டை இத்தனை மில்லிமீட்டர். அவ்வளவுதான். அவளுக்குப் பிறகு வந்த பையன்கள் பேட்டி எடுத்தார்கள், நாடகம் போட்டார்கள். அவள் மழையோடு கிடந்தாள்.

கொச்சி அணியும் சென்னை அணியும் கொக்கிரகுளத்து ஆற்றோர மைதானத்தில் கால்பந்து ஆட வருவதாகச் சேதி வந்தது. இரண்டுமே மாதச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் அணிகள். ஆடுகிறவன் மேலேயே மைக்கைக் கட்டிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அதிகாரி சங்கரசுப்பிரமணியன் சிரித்தார்.

"பந்தாட்டத்தைப் பாக்கத்தாம்மா செய்வாங்க. கேக்கவா செய்வாங்க?"

"ரேடியோவுல கேக்கத்தான சார் முடியும்."

அவர் சிரிப்பு நின்றது. "ஒரே ஒரு டேப்பு. நல்லா வந்தா வாரம் அரைமணி நேரம் ஒனக்கு. வரலைன்னா மழையோட இரு."

கொச்சி அணியின் கோல்கீப்பர் ரசீத் மேலப்பாளையத்துப் பையன். அதிகம் ஓடமாட்டான், அதிகம் கத்துவான். அவன் காலரில் மைக்கைக் குத்தி, கம்பியில்லாமல் சத்தத்தை அனுப்பும் சீட்டுக்கட்டு அளவுப் பெட்டியை இடுப்பில் கட்டினாள்.

"யக்கா, நான் கத்துத கத்தெல்லாம் ரேடியோவுல வந்தா எங்க உம்மா வீட்டுக்குள்ள விடமாட்டா."

"கெட்ட வார்த்தையெல்லாம் வெட்டிருவேன். நீ ஆடு."

"அப்ப ஒண்ணும் மிஞ்சாது."

டேப் ரெக்கார்டரை வைக்க மைதானத்து மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை கிடைத்தது. சாவி வைத்திருந்தவர் வேதநாயகம் சார். பழைய விளையாட்டு ஆசிரியர், பழைய நடுவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. கதவைத் திறந்துவிட்டு, மைதானத்தின் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போனார்.

மணி 4.00. ஆட்டம் தொடங்கியது.

ஹெட்போனை மாட்டியதும் மூவாயிரம் பேரும் காணாமல் போனார்கள். காதுக்குள் ரசீத் மட்டும். அவன் மூச்சு, அவன் வசவு. ஆற்றுப் பக்கக் கோலில் நின்றான். பந்து தூரம் போனதும் பூட்ஸ் மண்ணைக் கம்பத்தில் தட்டுவான். இரும்புக் கம்பம். டங்... டங்...

அருமையாக வந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புங்கள்.

4.45. இடைவேளை. டேப்பைத் திருப்பிப் போட்டாள்.

4.55. அணிகள் பக்கம் மாறின. ரசீத் இப்போது ரோட்டுப் பக்கக் கோலில் நின்றான். ஹெட்போனில் ஸ்ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல். குமிழைத் திருகினாள். போகவில்லை.

அதற்குள்ளிருந்து குரல் வந்தது. தொண்டை கட்டியிருந்தது.

"ஏலே, எடத்தப் பிடிலே. வாரான், வாரான்..."

5.08. ரசீத் பக்கம் பந்து வந்தது. ஹெட்போனில் குரல் இல்லை, இரைச்சல் மட்டும். பந்து எதிர்ப்பக்கம், ஆற்றுப் பக்கக் கோலுக்குப் போனது. குரல் பதறியது.

"விடாத... விடாதலே!"

அவள் ரசீதைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து நின்றான். வாய் மூடியிருந்தது.

5.15. பூட்ஸ் தட்டும் சத்தம். தட்... தட்... தட்...

அது இரும்பு இல்லை. மரம்.

5.22. இரைச்சல் இன்னும் கூடியது. சளக், சளக் என்று தண்ணீரில் கால் வைக்கும் சத்தம். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது மிஷின் இரைச்சல் இல்லை. மழை. மழையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே சுள்ளென்று வெயில். மைதானத்தில் புழுதி பறந்தது.

5.40. விசில். ஆட்டம் முடிந்தது. கூட்டம் கலைந்தது.

5.41. டேப் டக்கென்று நின்றது.

குரல் நிற்கவில்லை.

"ஏலே... எங்கலே போயிட்டிய? ஒருத்தனையும் காணலயே..."

5.44. படியேறி ரசீத் வந்தான். மைக்கையும் பெட்டியையும் மேஜையில் வைத்தான்.

"கோவிச்சுக்கிடாதக்கா. ஹாஃப் டைம்லயே நடுவர் கழத்தச் சொல்லிட்டாரு. விழுந்தா குத்துமாம். பேட்டரியையும் உருவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்."

போய்விட்டான். மேஜையில் பேட்டரி தனியாக உருண்டு நின்றது.

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. கை வரவில்லை.

தட்... தட்...

5.46.

"சார்... விசில் ஊதிட்டியளா? நான் வரட்டா?"

ஒரு வெடிச் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

அன்று ஆறே முக்காலுக்கு ஓடிப்போய் வாசித்தாள். பாளையங்கோட்டை, மழை இல்லை.

திங்கட்கிழமை அதிகாரி டேப்பைக் கேட்டார். முதல் பக்கத்துக்குத் தலையாட்டினார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"சனிக்கிழமை எங்கம்மா மழ பெஞ்சுது? இல்லைன்னு நீதான வாசிச்ச. இங்க இருக்க மழைச் சத்தத்த எடுத்து ஒட்டிருக்க."

"ஒட்டல சார்."

"அப்ப வானம் ஒட்டிச்சா?"

டேப்பைத் தள்ளிவிட்டார். அரைமணி நேரமும் அதோடு போயிற்று. தோற்றிருந்தால் பொறுத்திருப்பாள். பித்தலாட்டக்காரி என்றல்லவா ஆக்கிவிட்டார்.

டேப்பையும் ஒரு பிளேயரையும் எடுத்துக்கொண்டு வேதநாயகம் சாரிடம் போனாள். மூன்றாவது 'தட்' கேட்டதும் அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஞானையா," என்றார்.

பிறகு சொன்னார். 1971 நவம்பர். அரையிறுதி ஆட்டம். மரக் கம்பங்கள் இருந்த காலம். பேய் மழை. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. எல்லாரும் கொட்டகைக்கு ஓடிவிட்டார்கள். ஆற்றுப் பக்கக் கோலில் கோல்கீப்பர் ஞானையா மட்டும், ஆட்டம் நடக்கிறது என்று நினைத்து நின்றுகொண்டிருந்தான். கம்பத்தில் இடி இறங்கியது. மணி 5.46.

"நடுவர் விசில் ஊதிருந்தா வந்திருப்பாருல்லா?"

"வந்திருப்பான்."

"யாரு சார் நடுவர்?"

அவர் கை விசிலுக்குப் போனது. "ஊதினேன்னுதாம்மா எழுதிக் கொடுத்தேன். வாயில வச்சேன். ஊதல. ஓடிட்டேன்."

"அந்தக் கொரல் அவருதுன்னு எழுதிக் குடுங்க சார். எங்க ஆபீசர்ட்ட காட்டணும்."

"மாட்டேன்."

இருபத்தைந்து வருடப் பொய்யைக் காப்பாற்ற அவள் பெயர் பித்தலாட்டக்காரி என்றே இருக்கட்டுமா? அவளுக்குத் தலைக்கேறியது. டேப்பில் இல்லாததை, அவள் மட்டும் கேட்டதைச் சொன்னாள்.

"அவரு ஒங்ககிட்டதான் சார் கேக்காரு. 'விசில் ஊதிட்டியளா, நான் வரட்டா'ன்னு. இன்னும் அங்கனதான் நிக்காரு. எழுதித் தராட்டா போங்க. இப்பவாது ஊதுங்க."

வேதநாயகம் சார் விசிலைச் சட்டைக்குள் போட்டு, மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டார்.

"ஊதினா வந்துருவானேம்மா," என்றார்.