சத்தக்கார அக்காவும் எட்டுக் குரல்களும்

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பேசினாலும் பக்கத்தில் நிற்பவருக்கு எட்டினால் போதும் என்கிற அளவில்தான் பேசுவார். ஆனாலும் வேலை செய்யும் இடத்தில் அவருக்குச் சத்தக்கார அக்கா என்றுதான் பெயர். அவர் பார்த்த வேலை அப்படி.

டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. சிந்தசைசர் செய்கிறவர்கள். பார்வைக்குக் கீபோர்டு மாதிரி இருக்கும். ஆனால் இவர்கள் செய்யும் ரகத்தில் பதிவு செய்த சத்தம் எதுவும் உள்ளே கிடையாது. மின்சாரத்தை அதிரவிட்டு, அந்த அதிர்வைக் குமிழ்களால் சீவியும் இழைத்தும் நமக்கு வேண்டிய சத்தத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்துவிட்டு, எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று திருதிருவென்று விழிக்கக் கூடாதல்லவா? அதனால் கொஞ்சம் சத்தங்களை முன்கூட்டியே செய்து, வாத்தியத்தின் நினைவில் போட்டு அனுப்புவார்கள். அவற்றைச் செய்கிறவர்தான் அக்கா.

இதற்கென்று அவர் எங்கும் படிக்கவில்லை. முன்பு ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் மாலை வேளைகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அறைச் சாவிக்கோ டாக்ஸிக்கோ காத்திருப்பவர்கள். பாட்டுக்குக் காது கொடுக்க யாருக்கு மனசு இருக்கும்? கேட்க ஆளில்லாத சௌகரியத்தில் அவர் தன் இஷ்டத்துக்குக் குமிழ்களைத் திருகி விளையாட ஆரம்பித்தார். ஒரு நாள் டாக்ஸிக்குக் காத்திருந்த ஒல்லியான மனிதர் ஒருவர் எழுந்து வந்தார்.

"இந்தச் சத்தம் எந்த மெஷின்ல வருது?"

"இதுலதாங்க."

"இதே மெஷின் என்கிட்டயும் இருக்கு. அதுல இப்படி ஒண்ணு இல்லையே."

"இருக்காது. நான்தான் பொழுது போகாம நோண்டி நோண்டிப் பண்ணினேன்."

வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒல்லி மனிதர்தான் முதலாளி.

அக்காவின் கணவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனவர். முதலில் மாதாமாதம் வந்தார், அப்புறம் எப்போதாவது வந்தார், அப்புறம் வரவில்லை. சண்டை, சச்சரவு ஒன்றும் கிடையாது. போனவர் போனவர்தான். ஒரே மகளை வளர்த்து ஆளாக்கி, கல்யாணமும் செய்துகொடுத்து, அவளும் தொலைவில் ஒரு நகரத்தில் குடித்தனம் நடத்தப் போன பிறகு, மூன்றாவது மாடி வீட்டில் அக்கா மட்டும்தான் இருந்தார். எதிர் வீட்டில் டிக்கெட் கவுண்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருந்தார். சனிக்கிழமையானால் இங்கே வந்து காபி குடித்துவிட்டு, கவுண்ட்டரில் தன்னோடு சண்டை போட்டவர்களை எல்லாம் நடித்துக் காட்டிவிட்டுப் போவார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதெல்லாம் அப்போதுதான்.

பிறகு அதுவும் நின்றுபோனது. எதிர் வீட்டம்மா வருவதை நிறுத்திவிட்டார். தான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ என்று அக்கா யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வலியப் போய்க் கேட்கவும் மனசு வரவில்லை. மகளின் போனும் குறைந்தது. பேசினாலும் அவள் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போலிருக்கும்.

"அம்மா, நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்ற? நான் பேசறத நீ காதுலயே போட்டுக்கறதில்ல."

"நீ அவசர அவசரமா பேசற. நிதானமா பேசேன்."

அவள் நிதானமாகப் பேசுவதை விட்டுவிட்டு மெசேஜ் அனுப்பத் தொடங்கினாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டாயா, போட்டேன். உலகமே தன்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது அக்காவுக்கு. வயசானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் புது வாத்தியம் வந்தது. அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே எழுப்பும். இதற்கு எட்டுக் குரல். எட்டுக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனியாக ஒரு குரல் எழும். ஒவ்வொரு குரலுக்கும் சொந்தமாக இரண்டு ஆசிலேட்டர், சொந்தமாக ஒரு ஃபில்டர். ஆசிலேட்டரில் பிறக்கிறபோது சத்தம் கரடுமுரடாக, ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஃபில்டர்தான் அதன் மேல்பக்கத்துக் கூர்மையை மழுக்கும். ஃபில்டரை மூடினால் கம்பளிக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். திறக்கத் திறக்க வெளிச்சம் ஏறும். சத்தம் படீரென்று எழ வேண்டுமா, மெல்ல ஊறி வர வேண்டுமா, விரலை எடுத்ததும் அறுந்துவிட வேண்டுமா, இழுத்துக்கொண்டு போய் மறைய வேண்டுமா என்பதற்கெல்லாம் தனிக் குமிழ்கள். அழுத்திய கட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்தினால், கூட்டத்தில் அந்த ஒரு குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கும்.

வடிவமைத்த இன்ஜினியர் முப்பது வயதைத் தாண்டிய பெண். அக்காவை உட்கார வைத்து ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குமிழைக் காட்டினாள்.

"இதைத் திருப்பினா எட்டுக் குரலும் சுருதியிலேர்ந்து அவங்கவங்க பாட்டுக்குக் கொஞ்சம் விலகும்க்கா. ரொம்ப இல்ல, ஒரு துளி."

"விலகினா அபசுரமா இருக்காதா?"

"அடிச்சுப் பாருங்க."

அக்கா அடித்துப் பார்த்தார். அபசுரமாக இல்லை. எட்டுப் பேர் ஒரே அறையில் நின்று பாடுவது போல இருந்தது. ஒருவர் மூச்சு விடுவதற்குள் இன்னொருவர் ஏந்திக்கொள்கிறார். அக்கா கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அந்த வாத்தியமே கதி என்று ஆகிவிட்டது. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய சின்ன அறையில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் யாராவது வந்து தோளைத் தட்டினால்தான் எழுவார். எட்டுப் பேர் கூட இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறை. என்ன செய்தாலும் சத்தம் சற்று மங்கலாகவே இருந்தது. ஃபில்டரை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திறந்து வைத்தார். மனசுக்குத் திருப்தியான இடம் வந்ததும் அதற்கு ஒரு பெயர் கொடுத்து நினைவில் போட்டார். இப்படியே வாத்தியத்தை நிரப்பிவிட்டார்.

எல்லோரும் கேட்கும் நாள் வந்தது. முதலாளி, இன்ஜினியர், மேடைகளில் வாசிக்கும் கீபோர்டுக்காரர் ஒருவர். அவரை எல்லோரும் தாடி என்றே கூப்பிடுவார்கள். தாடி முதல் சத்தத்தை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இரண்டாவதில் ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்தார். மூன்றாவதில் கையை எடுத்துவிட்டார். இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளிதான் பேசினார்.

"எல்லாமே கொஞ்சம் காதைக் குத்துதுங்க."

"எது?"

"எல்லாமே. கண்ணாடியில ஆணி வச்சு இழுக்கற மாதிரி."

"இல்லையே. மொட்டையா இருக்குன்னுதான் நான் திறந்தே வச்சேன். சரியாத்தானே இருக்கு?"

தாடி வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். இன்ஜினியர் எழுந்து ஒரு மெஷினை இழுத்துவந்து ஹெட்ஃபோனோடு சேர்த்தாள். குரல் மிகவும் தணிவாக இருந்தது.

"அக்கா, ஒரு விசில் சத்தம் விடறேன். கேட்டா கையைத் தூக்குங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கையைத் தூக்கினார். மறுபடி தூக்கினார். அப்புறம் காத்திருந்தார். வெகு நேரமாக ஒன்றும் வராததால் கண்ணைத் திறந்தார்.

"ம், விடும்மா."

"விட்டுக்கிட்டேதான் இருக்கேன்க்கா."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெட்ஃபோனில் கசிந்த அந்த விசில் அவருக்கு அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது.

காது டாக்டர், கண்ணாடி போட்ட அறைக்குள் அவரை உட்கார வைத்துச் சோதித்தார். பிறகு ஒரு கோட்டைக் காட்டினார். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓர் இடத்தில் மலைச்சரிவு மாதிரி கீழே இறங்கியது. அக்காவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஃபில்டரை மூடினால் வாத்தியத்தின் திரையில் தெரியும் அதே கோடு.

"திடீர்னு வந்ததில்ல. ரெண்டு மூணு வருஷமாவே கொஞ்சம் கொஞ்சமா ஆகியிருக்கும்," என்றார் டாக்டர். "கீழ்ச் சத்தமெல்லாம் நல்லா கேக்கும். மேலதான் போயிடுச்சு. போன்ல பேசினா வார்த்தை புரியாது. காலிங் பெல் கேக்குதா?"

"யாரும் வர்றதில்லையே," என்றார் அக்கா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மாடியேறி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் நின்று தன் வீட்டு பெல்லைத் தானே அழுத்தினார். கீச் கீச் என்று குருவி மாதிரி கத்தும் பெல் அது. பழையது பழுதாகி மாற்றியது. இப்போது ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"என்னங்க, உங்க வீட்டு பெல்லை நீங்களே அடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"இது அடிக்குதா?"

"காது கிழியுது."

அக்கா விஷயத்தைச் சொன்னார். எதிர் வீட்டம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நான் எத்தனை தடவை வந்து அடிச்சேன் தெரியுமா? உள்ள லைட் எரியும். நீங்க நடமாடறது கூடத் தெரியும். திறக்க மாட்டீங்க. சரி, இவங்களுக்கு என் வாய் சலிச்சுப்போச்சு போலன்னு விட்டுட்டேன்."

"தட்டியிருக்கலாமே."

"பெல்லுக்கே திறக்காதவங்க கதவைத் தட்டறதுக்கு எனக்கு ரோஷம் இருக்காதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. எதிர் வீட்டம்மாவுக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூட்டு வலியோடு மூன்று மாடி ஏற முடியவில்லையாம். மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். மாதம் முடிந்தால் வண்டி வரும்.

அன்று அக்கா கதவைச் சாத்திவிட்டு வெகு நேரம் கூடத்தில் நின்றார். யாரும் வரவில்லை, யாருக்கும் நாம் வேண்டாதவராகிவிட்டோம் என்று நினைத்து நினைத்து மனசைத் தேய்த்துக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம், அந்தக் கதவுக்கு வெளியே ஒருவர் நின்றிருக்கிறார். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. காது போனதற்கு அவர் அழவில்லை.

மீதமிருந்த சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து காபி குடித்தார்கள். எதிர் வீட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு முறை, இங்கே இரண்டு முறை. பிறகு வண்டி வந்தது.

வேலையை விட்டுவிடுவதாகச் சொல்ல அக்கா முதலாளியிடம் போனார். "யாராவது சின்னவங்களப் பாத்துக்குங்க. என் காதை நம்பி இனிமே முடியாது."

முதலாளி உடனே மறுக்கவில்லை. அது அக்காவுக்குப் பிடித்திருந்தது. பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

"பளிச்சுன்னு இருக்கற சத்தமெல்லாம் தாடி பண்ணட்டும். உங்களுக்கு எதுவரைக்கும் கேக்குதோ அதுவரைக்கும் நீங்க பண்ணுங்க. அந்தப் பக்கத்துக்கும் ஆள் வேணும்," என்றார்.

அக்கா காது மெஷின் மாட்டிப் பார்த்தார். காகிதம் கசங்குவதும், தன் செருப்புத் தேய்வதும், பிரிட்ஜ் முனகுவதும் தகரத்தில் பட்டுத் தெறிப்பதாகக் கேட்டன. மகளோடு பேசுவதற்கு உதவியது. "இப்ப நல்லா கேக்குதாம்மா?" என்று அவள் கேட்டாள். "கேக்குது. உனக்கு சளி பிடிச்சிருக்கு," என்றார் அக்கா. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "நீ வேணும்னே கவனிக்கலன்னு நெனச்சேன்," என்றாள். ஆனாலும் பழகிய பழக்கம், மெசேஜ்தான் அதிகம் வந்தது.

வாத்தியத்தின் முன்னால் உட்காரும்போது மட்டும் மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவார். முன்பு நிரப்பியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை ஃபில்டரைத் திறக்கவில்லை. நன்றாக மூடி, அடியில் என்ன மிச்சமிருக்கிறது என்று தேடினார். அங்கே நிறைய இருந்தது. குரல்கள் ஒவ்வொன்றாக ஊறி வரும்படி செய்தார். விலகும் குமிழை யாரும் திருப்பாத அளவுக்குத் திருப்பினார். எட்டுப் பேரும் ஒரே சுரத்தைத் தேடி வெவ்வேறு இடத்திலிருந்து நடந்து வருவது போலவும், நெருங்கி நெருங்கி வந்து ஒட்டாமலே நிற்பது போலவும் ஒரு சத்தம் கிடைத்தது. இன்ஜினியர் கேட்டுவிட்டு, "இதை எதுக்குமே யூஸ் பண்ண முடியாதுக்கா. ஆனா இருக்கட்டும்," என்றாள். அதற்கு 'சனிக்கிழமை' என்று பெயர் கொடுத்தார்.

வாத்தியம் கடைகளுக்கு வந்தது. புகழ்ந்து பேசினவர்கள் பெரும்பாலும் தாடி செய்த சத்தங்களைத்தான் புகழ்ந்தார்கள். அவை நன்றாகவே இருந்தன. அக்காவின் பங்கு, நினைவின் கடைசி வரிசை. பொறுமையாகத் திருப்பிக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும்தான் அது வரும்.

ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் கடைத்தெருவில் இருந்த வாத்தியக் கடைக்குள் நுழைந்தார். ஆபீஸ் உடையில், அடையாள அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஒருவர் புது வாத்தியத்தின் முன் நின்றிருந்தார். சாப்பாட்டு வேளையில் வந்திருப்பார் போல. ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு தரம் தட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போனார். கடைசி வரிசைக்கு வந்தார். 'சனிக்கிழமை' வந்தது. இரண்டு கையாலும் கட்டைகளை அழுத்தினார். குரல்கள் எழும்பி வந்தன. அவர் கையை எடுத்தார். சத்தம் உடனே போகவில்லை. மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போனது. அவர் தாவாமல், முடிகிறவரைக்கும் நின்று கேட்டார். திரும்பிப் பார்த்தபோது பின்னால் அக்கா நிற்பதைக் கண்டு கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"நீங்க வாசிக்கணுமா?"

"இல்லைங்க. நீங்க வாசிங்க," என்றார் அக்கா.

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த சத்தத்துக்குப் போனார். அக்கா வெளியே வந்து, வெயிலில் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.