குளிர வை என்றாள் மங்களம்

மங்களம் வாழ்நாளில் ‘அணை’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. நாற்பத்தெட்டு வயதில், அதுவும் சிங்கப்பூரில், ஒரு நாளைக்குப் பத்துத் தரம் லைட்டையும் ஃபேனையும் அடுப்பையும் போட்டு நிறுத்துகிற ஒருத்தி அந்தச் சொல் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளினாள் என்று கேட்கலாம். ஆங்கிலம் எதற்கு இருக்கிறது? ஃபேனை ஆஃப் பண்ணு, லைட்டை ஆஃப் பண்ணு, கேஸை ஆஃப் பண்ணு. சாமி விளக்குக்கு மட்டும் ஆஃப் பொருந்தாது. அதற்குக் ‘குளிர வை’. அணைந்தது என்று சொன்னால் குடும்பத்தில் ஏதோ முடிந்துபோனது என்று அர்த்தமாம். சிறுமியாக அப்பர் வெல்ட் ரோட்டு வீட்டில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, காற்றில் போன விளக்கைப் பார்த்து அந்தச் சொல்லை எடுக்க வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வருமுன்பே அவள் அம்மா கரண்டிக் காம்பால் வாயில் ஒன்று வைத்தாள். அந்த அடி நாற்பது வருஷம் நாக்கில் நின்றது.

கட்டிக்கொண்டு வந்த இடமும் அதே கதைதான். கணவர் மருதப்பன் பேருந்து ஓட்டுநர். புக்கிட் பாஞ்சாங்கில் நாலறை வீடு. சாமி, பூஜை என்று பெரிதாக அலட்டிக்கொள்ளாத மனிதர், ஆனாலும் அந்தச் சொல்லை மட்டும் வீட்டுக்குள் எடுக்க மாட்டார். செத்துப்போன தன் அம்மாவுக்கு இன்னும் பயப்படுகிறார் என்று மங்களம் கேலி செய்வாள். கேலியும் சிரிப்புமாக இருந்த வீடுதான் அது.

மங்களத்துக்குச் சாங்கியில் வேலை, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கூடத்தில். விடியுமுன் கிளம்பினால்தான் தீவின் அந்தக் கோடிக்கு நேரத்தில் போய்ச் சேர முடியும். அங்கே வருஷத்துக்கு ஒரு முறை தீப்பாதுகாப்புப் பயிற்சி உண்டு. எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதே, கேஸை நிறுத்து, மூடியைப் போட்டு மூடு என்று எல்லாம் ஆங்கிலத்தில் அவளுக்கு மனப்பாடம். இரண்டு முறை சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறாள். விவரம் தெரியாத பொம்பளை, பாவம் என்று யாரும் அவளுக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளும் அந்தச் சலுகையைக் கேட்கவில்லை.

ஒரே மகள் கவிப்ரியா. உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்தாள். தமிழ்த் தாளில் எண்பது வாங்குவாள். பேசச் சொன்னால் பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். ஒரு வேலை சொன்னால் “எப்படிம்மா?” என்று ஒரு தரம் கேட்காமல் செய்ய மாட்டாள். அரிசி கழுவு என்றால் எத்தனை தடவைம்மா, துணி மடி என்றால் எந்தப் பக்கம்மா. மங்களத்துக்கு அது பெரிய எரிச்சல். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்ணுக்கு டியூஷன் இருக்கும். அதனால் ஏற்றுவதும் குளிர வைப்பதும் மங்களத்தின் கையோடு போயிற்று. அந்தப் பேச்சு பெண் காதில் விழச் சந்தர்ப்பமே இல்லாமல் போனதை அவள் கவனிக்கவில்லை. யார்தான் கவனிப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளியில் நிதி திரட்டும் கேளிக்கைச் சந்தை வைத்தார்கள். நோட்டீஸில்தான் அந்தப் பெயர். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது ஃபன்ஃபேர். வசதி குறைந்த பிள்ளைகளின் உதவி நிதிக்காக என்றார்கள். பெற்றோர் ஆதரவுக் குழு சுறுசுறுப்பாக இறங்கியது. ஆதரவைவிட வாட்ஸ்அப் செய்திதான் அதிகம் தருகிற குழு, அந்த ஒரு மாதம் இரண்டையும் தந்தது. குழுவில் தமிழ்க் கடைக்குப் பொறுப்பு ஹஸீனா, நாலு புளோக் தள்ளி இருப்பவள். மங்களம் நாற்பது பாக்கெட் முறுக்கு தருவதாக வாக்குக் கொடுத்தாள். தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மாவும் எள்ளும் வாங்கி வந்தாள்.

சந்தைக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மங்களம் லீவு போட்டுவிட்டு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ஹஸீனாவிடமிருந்து போன் வந்தது. அந்தச் சமையலறையில் சிக்னல் நிற்காது. “பாத்துக்கம்மா, வந்துடுறேன்” என்று கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளிடம் சொல்லிவிட்டு, அடுப்பைக் குறைக்காமலே காரிடாருக்குப் போனாள். பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டலாமா வேண்டாமா என்று பேச்சு. ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். அவ்வளவுதான்.

“அம்மா, எண்ணெய் எரியுது.”

சாங்கியில் படித்த ஆங்கிலம் ஒரு சொல்கூட வரவில்லை. போன் இன்னும் காதில் இருந்தது. பதறிய வாயில் வந்தது அம்மா அடித்து ஏற்றிய பேச்சு.

“குளிர வை.”

“எப்படிம்மா?”

“சொன்னா செய்யேண்டி. குளிர வை.”

கவிப்ரியா செய்தாள். மங்களம் கூடத்தைத் தாண்டுவதற்குள் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதால் யாருக்கும் எந்தப் பலனும் இல்லை. அண்டை வீட்டுக்காரர்கள் வந்தார்கள், தீயணைப்பு வண்டி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. எல்லாம் முடிந்து மங்களம் பார்த்தபோது ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. தரையில் ஐஸ் தண்ணீர் பாட்டில் உருகி நெளிந்து கிடந்தது. தண்ணீர்க் குழாய் அடுப்பிலிருந்து இரண்டு எட்டு. பெண் குழாய்க்குப் போகவில்லை.

மருத்துவமனையில் பதினோரு நாள். முதல் நாள் மட்டும் பேச முடிந்தது. என்ன நடந்தது என்று எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி வந்தார். கவிப்ரியா மெல்ல, “நான்தான் பேனிக் ஆயிட்டேன் அங்கிள். தண்ணி ஊத்திட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். மங்களம் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பெண் மறந்துபோய்ச் சொன்னாளா, அம்மாவுக்காகச் சொன்னாளா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். மறுநாள் தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள்.

அடுப்பை விட்டுவிட்டுப் போனது தன் தப்பு என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல எல்லாரும் சமாதானம் செய்தார்கள். யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றார்கள். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் மருதப்பன் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார் என்று பயந்தாள். மகளை இழந்தவளுக்கு அவர் ஒருவர்தான் மிச்சம். அவரையும் இழக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மருதப்பனோ ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். டிவி முன்னால் உட்கார்ந்து தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல் கேட்பார்.

“குழா பக்கத்துலயே இருக்கு. ஃபிரிட்ஜை எதுக்குத் தொறந்தா? பதினாலு வயசு. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. இதுகூடவா தெரியாது?”

கோபம் மகள்மேல். செத்துப்போனவள்மேல் கோபப்படுகிற மனிதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று மங்களத்துக்குத்தான் தெரியும். மூன்று வருஷம் அந்தக் கேள்விக்குப் பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள். அவர் மகளின் படத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இந்த வருஷம் சந்தை திரும்ப வந்தது. வீட்டில் பொரித்த பலகாரம் எதுவும் கூடாது, உரிமம் வாங்கிய கடைகளிலிருந்துதான் சாப்பாடு என்று பள்ளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. புதிதாகத் தீப்பாதுகாப்புக்கு ஒரு மூலை ஒதுக்கினார்கள். தமிழ் ஆசிரியர் ரகுபதியும் ஹஸீனாவும் வீடு தேடி வந்தார்கள்.

“ரெண்டே நிமிஷம் அக்கா,” என்றாள் ஹஸீனா. அவளுக்கும் அந்தப் போன் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. “நாங்க சொன்னா நம்ம ஆளுங்க போனை நோண்டிக்கிட்டு நிப்பாங்க லா. நீங்க சொன்னா கேப்பாங்க.”

ரகுபதி சார் தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார், வானொலியில் வாசிக்கலாம் போன்ற தமிழில். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வரி இப்படி இருந்தது: ‘தீயை அணைக்கும் முறை அறிந்திருந்தும், பதற்றத்தில் ஒரு மாணவி தவறிழைத்தார்.’

“முடியுமாம்மா?” என்று கேட்டார் ரகுபதி.

“பாக்குறேன் சார்.”

ஒரு வாரம் அந்தத் தாள் அவள் கைப்பையிலேயே இருந்தது. சாங்கிக்குப் போகும் ரயிலில் எடுத்து எடுத்துப் படித்தாள். முதல் இரண்டு வரி ஓடும். மூன்றாவது வரியில் நின்றுவிடும். பெற்றவள் வாயாலேயே பெண் தப்புச் செய்தாள் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். இதுவரை சும்மா இருந்ததோடு போயிற்று. இனிமேல் அதை மைக்கில் வேறு சொல்ல வேண்டும். வர முடியாது என்று ஹஸீனாவுக்கு இரண்டு முறை செய்தி எழுதினாள். இரண்டு முறையும் அழித்தாள்.

சனிக்கிழமை காலை மருதப்பன் தானாகச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். “நானும் வாரேன்” என்றார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழி தெரியவில்லை.

சந்தை நல்ல கூட்டம். பலூன், பாட்டு, வளையம் எறிகிற விளையாட்டு, ரப்பர்போல் ஆறிப்போன பஜ்ஜி. விளையாட்டுத் திடல் ஓரத்தில் பெரிய எழுத்தில் ‘எண்ணெய்த் தீயை அணைப்பது எப்படி’ என்று பலகை. தீயணைப்புச் சீருடையில் ஒருவர் சிறிய சட்டியில் நெருப்பு வைத்து, மூடியைச் சரித்துப் போட்டு மூடிக் காட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு மங்களத்தின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். முப்பது, நாற்பது தாய்மார்கள். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு மருதப்பன்.

இரண்டு வரி படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். ரகுபதி சார் பக்கத்தில் வந்து வரியை விரலால் காட்டினார், எழுத்துத் தெரியவில்லையோ என்று நினைத்து.

“தெரியுது சார்,” என்றாள் மங்களம். தாளை மடித்தாள். “ஆனா இது பொய். அந்தப் புள்ள தப்பு ஒண்ணும் பண்ணல. அது என் பொண்ணு. நான் வெளிய போன்ல நின்னேன். எண்ணெய் எரியுதுன்னு கூப்பிட்டா. குளிர வைன்னு நான் சொன்னேன். எங்க வீட்டுல விளக்குக்கு அப்படித்தான் சொல்லுவோம். அவளுக்கு அது தெரியாது. எப்படிம்மான்னு கேட்டா. நான் சொல்லல. சொன்னா செய்யின்னு அதட்டுனேன். குளிரன்னா கோல்டுன்னுதானே ஸ்கூல்ல படிச்சிருக்கா. ஃபிரிட்ஜைத் தொறந்து ஐஸ் தண்ணிய எடுத்துட்டா.”

யாரும் போனை நோண்டவில்லை. மங்களம் கூட்டத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“உங்க வீட்டுலயும் நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தைன்னு வச்சிருப்பீங்க. வச்சுக்குங்க. நெருப்பு முன்னால மட்டும் வேணாம். கேஸை ஆஃப் பண்ணு, மூடியைப் போடுன்னு புள்ளைக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. தீயை அணைன்னு சொல்லுங்க. சொன்னா ஒண்ணும் ஆயிடாது. சொல்லாமத்தான் எல்லாம் ஆச்சு.”

மைக்கை ஹஸீனா வாங்கிக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். கடைசி வரிசையில் மருதப்பன் இல்லை.

எல்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். மங்களம் இரண்டு அடி தள்ளி நின்றாள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வீடுகளுக்குப் பக்கத்தில் போகும்போது, உள்ளே யாரும் எட்டிப் பார்க்காதபடி ரயில் கண்ணாடி தானாக மங்கி, பிறகு தெளிந்தது. இரண்டு நிலையம் கழித்து அவர் கேட்டார்.

“எப்படிம்மான்னா கேட்டா?”

“ஆமாங்க.”

“கேட்டுருக்கா,” என்றார். மறுபடியும், “கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கா புள்ள.” பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மகளைத் தகனம் செய்த அன்றைக்குக்கூட அழாத மனிதர், பக்கத்தில் சீனப் பையன் ஒருவன் எழுந்து இடம் மாறி உட்காரும் அளவுக்கு அழுதார். “மூணு வருஷமா அவளை ஏசிக்கிட்டே இருந்தேன். நீ கேட்டுக்கிட்டு இருந்தே.”

மங்களம் மடித்த தாளைக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மகள் படத்துக்கு முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். மங்களம் வழக்கம்போல விளக்கேற்றி, அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் இனித் தன்னோடு பேசுவாரா, இந்த வீட்டில் இருப்பாரா என்று தெரியவில்லை. போனாலும் நியாயம்தான் என்று பட்டது. சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. காலையில் வைத்த சோற்றை அவரே சுட வைக்கிறார் போலும். நெருப்புக்குப் பிறகு அவர் அந்த அடுப்பைத் தொட்டதில்லை.

எட்டிப் பார்த்தாள். மேசையில் இரண்டு தட்டு இருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

“விளக்கை அணைச்சிட்டு வா,” என்றார். “சோறு ஆறுது.”

மங்களம் திரியை எண்ணெய்க்குள் தள்ளினாள். புகை அடங்கும்வரை அங்கேயே இருந்தாள்.

“அணைச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.