இக்னேசியஸ் அரம் போட்ட மிசின்

இக்னேசியஸுக்கு ஐம்பத்து நாலு வயது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மரம் அறுக்கிறார். மனைவி பவுலின் இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், அவரும் மரம் அறுக்கிற மிசினும்தான்.

பன்னிரண்டு வருஷம் விஜிதரன் கூட இருந்தான். இவர் அறுப்பார், அவன் மரத்தில் கயிறு கட்டி, விழவேண்டிய பக்கமாகத் தூர நின்று இழுப்பான். சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் எல்லாம் கைச்சாடைதான். போன தை மாதம் விஜிதரன் கட்டாருக்குப் போனான். ஹட்டனில் அவனைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்ட அன்று, இக்னேசியஸ் வீடு திரும்பவே மனசில்லாமல் ஸ்டாண்டில் மூன்று பிளேன்டீ குடித்தார்.

தனியாக அறுப்பது வேறு மாதிரி இருந்தது. பெரிய டர்பன்டைன் மரத்தில் பாதி போனதும் மிசின் திணறும். மரம் வெட்டின்மேல் உட்கார்ந்து மிசினின் சங்கிலியைக் கவ்விக்கொள்ளும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் விஜிதரன் ஓடிவந்து ஆப்பு அடிப்பான். இப்போது மிசினை விட்டுவிட்டு இவரே அடிக்கவேண்டும். மரம் உட்காருவதற்குள் அறுத்து முடித்துவிட்டால் ஆள் தேவையில்லையே என்று அவருக்குத் தோன்றியது.

போனில் யாரோ வெள்ளைக்காரன் மிசினைப் பிரித்து வேகம் கூட்டும் வீடியோக்கள் இருந்தன. பேச்சு புரியவில்லை, கைகளை மட்டும் பார்த்தார். ஒரு ஞாயிறு, லயமே பூசைக்குப் போயிருந்தபோது, சாக்கை விரித்துச் சிலிண்டரைக் கழற்றினார். புகை வெளியேறும் வாயை உருண்டை அரத்தால் அகலமாக்கினார். பத்து இழுப்பு, பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, மறுபடி பத்து. விளிம்பு கூராக இருந்தால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும் என்று உப்புத்தாளால் நெடுநேரம் தேய்த்தார். சிலிண்டருக்கு அடியிலிருந்த பேக்கிங்கை எடுத்துவிட்டுப் பசை பூசி இறுக்கினார். பிஸ்டன் மேலே முட்டுகிறதா என்று ஈயக் கம்பியை உள்ளே விட்டு, நசுங்கிய கனத்தை அளந்தார். சைலன்சரில் இன்னொரு ஓட்டை போட்டார். இதற்கே இரண்டு ஞாயிறு ஆனது. கடைசியில், காபரேட்டர் திருகைக் காதாலேயே கேட்டுக் கேட்டுத் திருப்பினார். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் கருகிவிடும்.

திங்கட்கிழமை, பத்து நிமிஷம் பிடிக்கிற மரம் நாலே நிமிஷத்தில் சாய்ந்தது. இக்னேசியஸ் சிரித்தபடி திரும்பி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எதிரே தேயிலைச் செடிதான் இருந்தது. கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

மிசின் சத்தத்தைப் பதிவு செய்து விஜிதரனுக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்துக் குரல் வந்தது.

“அண்ணே, பயங்கரமா கத்துதே! கயிறு யாரு புடிக்கிறா?”

“ஆளு இருக்குடா,” என்று பதில் அனுப்பினார்.

ஐப்பசி மழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த பெரிய மரம் கூரைப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. மலையில் வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்தார்.

“இக்னேசியஸ், ஒங்க மிசினுக்கு இதெல்லாம் ஒரு மரமா? நாளைக்கு எறக்கிருங்க.”

இக்னேசியஸ் மரத்தை மூன்று தடவை சுற்றி வந்தார். “தனியா முடியாதுங்கய்யா. எவ்வளவு வேகமா அறுத்தாலும் சாஞ்ச பக்கந்தான் விழும். இழுக்க ஆள் வேணும்.”

நோட்டன் பிரிட்ஜிலிருந்து செல்லசாமி என்பவன் இரண்டு பேரோடு வந்தான். அவனுடைய மிசின் பழசு, இருமிக்கொண்டே அறுத்தது. ஆனால் கயிற்றில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரையொருவர் திட்டிச் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். மரம் ஒரு தகரத்தையும் தொடாமல் மேட்டுப் பக்கம் விழுந்தது. இக்னேசியஸ் லயத்து ஆட்களோடு நின்று பார்த்தார்.

செல்லசாமி அவரைத் தேடி வந்தான். “மலையில கத்துற மிசின் ஒங்களோடதாண்ணே?”

எடுத்துக் கொடுத்தார். விழுந்த மரத்தில் ஒரு துண்டு அறுத்துப் பார்த்துவிட்டுச் செல்லசாமி விசில் அடித்தான். இக்னேசியஸ் பேச ஆரம்பித்தார். அரம், ஈயக் கம்பி, திருகு என்று ஒரு மணி நேரம் பேசினார். பேசிப் பழக்கம் விட்டுப்போனதால் தொண்டை வலித்தது. ‘எங்க கூட வாங்கண்ணே’ என்பான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தார்.

“எங்களோடதையும் இப்படிப் பண்ணித் தருவீங்களா?” என்றுதான் அவன் கேட்டான்.

“வச்சிட்டுப் போங்க,” என்றார்.

அப்படித்தான் அவர் பெயர் பரவியது. இப்போது ஹட்டன், நானுஓயா பக்கமிருந்தெல்லாம் மிசின்கள் சாக்கில் கட்டி பஸ்ஸில் வருகின்றன. கொடுத்தனுப்புகிறவர்கள் வருவதில்லை, போனில் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். பெரிய மரம் அறுப்பதை அவர் விட்டுவிட்டார். முடித்த ஒவ்வொரு மிசினையும் காம்பிராவின் பின்னால் கிடக்கும் கட்டையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்தப்படும். மிசின் நின்றதும் கொஞ்ச நேரம் காது இரையும். அது அடங்கும்வரை அங்கேயே நிற்பார்.