ஞாயிற்றுக்கிழமை இறங்காத முள்

முட்டையை வெந்நீரில் விட்ட கையோடு எலியான் மாத்தே கைக்கடிகாரத்தின் மேல்பொத்தானை அமுக்குகிறாள். நீள முள் ஓடத் தொடங்குகிறது. நாலு நிமிடம் இருபது விநாடி ஆனதும் அதே பொத்தானை அமுக்கி நிறுத்துவாள். முள் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழ்ப்பொத்தானைத் தொட்டு அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவாள். ஓடுகிற முள்ளை அப்படியே பூஜ்யத்துக்கு இழுப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "ஓடுற ஆளோட காலை வாரிவிடுவீங்களா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவாள்.

கடிகாரம் அவளுடையது அல்ல. மேட்டுத் தெருக் கடிகாரப் பட்டறையில் செய்து முடிக்கும் ஒவ்வொரு குரோனோகிராஃபும், அதாவது நேரத்தை ஓடவிட்டு நிறுத்தி அளக்கும் கடிகாரமும், பெட்டிக்குள் போகுமுன் பதினாலு நாள் அவள் இடது மணிக்கட்டில் இருக்கும். எண்ணெய் பரவ வேண்டும், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். முதல் வாரம் வெறுமனே கட்டிக்கொண்டு திரிவாள். இரண்டாம் வாரம் எல்லாவற்றுக்கும் பொத்தானை அமுக்குவாள்: முட்டைக்கு, காலை ரயிலுக்கு, ஏன், தேவாலயப் பிரசங்கத்துக்கும்கூட. "முப்பத்தோரு நிமிஷம், போதகரே. போன வாரம் இருபத்திரண்டுலயே எங்களை மன்னிச்சு விட்டுட்டீங்க" என்று ஒருமுறை வாசலில் கை குலுக்கும்போது சொன்னாள். அந்த மனிதர் இப்போதெல்லாம் அவள் பக்கம் திரும்பாமலே பேசி முடிக்கிறார்.

பகலெல்லாம் பாலாடைக்கட்டிக் கடையில் வேலை. கை ஈரமாக இருக்கும்போது பொத்தானைத் தொட மாட்டாள். இரவு ஒன்பதுக்கு மேல் தேதியை மாற்ற மாட்டாள்; தேதிச் சக்கரம் உள்ளே தானாக நகரும் நேரம் அது. நாத்தனார் ஆசையாக வாங்கிக் கொடுத்த கைப்பையின் வாயில் கடிகாரத்துக்கு ஆகாத காந்தம் இருக்கிறதென்று தெரிந்ததும், மறுநாளே அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நாத்தனார் இரண்டு வருடம் பேசவில்லை. "நிம்மதியா இருந்துச்சு" என்கிறாள் எலியான்.

அவளுக்கு முன்னால் பட்டறை வேறு பலரை வைத்துப் பார்த்திருக்கிறது. எழுத்தரின் கை அசையவே இல்லை. மரம் வெட்டுகிறவரின் கை மூன்றே நாளில் கண்ணாடியைக் கீறிவிட்டது. கடிகாரங்களின் ஓட்டத்தைச் சரிபார்க்கும் லூசியான்தான் பத்தொன்பது வருடத்துக்கு முன் கடையில் இவள் பாலாடைக்கட்டி வெட்டுவதைப் பார்த்து, இதுதான் அளவான கை என்று கூட்டிப் போனார். "என் கை ரொம்பச் சாதாரணக் கை. அதுக்குத்தான் சம்பளம்" என்பதில் அவளுக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

இந்த வசந்தத்தில் அந்தப் பெருமைக்குத்தான் சோதனை வந்தது. அப்போது அவள் கையில் இருந்த கடிகாரம் கை அசைய அசையத் தானாகச் சாவி ஏறும் ரகம். எவ்வளவு சாவி மிச்சம் என்பதை முகப்பில் ஒரு சின்ன முள் காட்டும். ஞாயிறு மத்தியானம் எலியான் இடக்கையை நாற்காலிக் கையில் போட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு வரை புத்தகம் படிப்பாள். கை சும்மா இருந்தால் அந்த முள் கொஞ்சம் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை. அடுத்த கடிகாரத்திலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. லூசியான் மூன்றையும் பிரித்தார், சேர்த்தார், மறுபடி பிரித்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவளுடைய கை தப்புச் சொல்லும் என்று பட்டறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளே சாவி ஏற்றும் எடைத்தகட்டைப் பொருத்தியவள் கொலெத். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பழி அவள் தலையில் விழுந்தது.

நாலாவது கடிகாரத்தை எலியான் ஒரு ஞாயிறு வலக்கையில் மாற்றிக் கட்டிப் பார்த்தாள். நாலு மணிக்குள்ளேயே முள் ஒழுங்காக இறங்கியிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, நாற்காலிக் கையில் கிடந்த வெறும் இடக்கையைக் கவனித்தாள். மணிக்கட்டு லேசாகப் புரண்டுகொண்டிருந்தது. கட்டைவிரல், ரொட்டித் துணுக்கை உருட்டுவதுபோல, தன் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. இந்த அசைவில்தான் இத்தனை ஞாயிறும் சாவி ஏறியிருக்கிறது. வலக்கையால் பிடித்தாள், நின்றது. விட்டாள், மறுபடி தொடங்கியது.

ஒரு வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். கை என்ன ஆகுமோ என்று பயம், வேலை போய்விடுமே என்று பயம். எது முதலில் என்று கேட்டால், வேலைதான் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்வாள். சனிக்கிழமை கொலெத் கடைக்கு வந்தாள். எப்போதும் வாங்குவதில் பாதி கேட்டாள். புதன்கிழமையோடு தன்னை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள் என்று பாலாடைக்கட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எங்கே தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை என்றாள். எலியான் பாதிக்குப் பதில் முழுசாகக் கட்டிக் கொடுத்தாள். அன்று இரவு சூப் இறங்கவில்லை.

திங்கள் காலை கடையைத் திறக்காமல் நேரே பட்டறைக்குப் போனாள். லூசியான் ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மூன்றாவது கடிகாரத்தை மறுபடியும் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கொலெத் மேல ஒரு தப்பும் இல்ல, லூசியான். அவளை அனுப்பாதீங்க."

"நீங்க நல்லவங்க, எலியான். ஆனா முள் இறங்கலையே. கடிகாரத்துலதானே எங்கயோ கோளாறு?"

"கடிகாரத்துலயும் இல்ல."

அவர் நிமிர்ந்தார். அவள் கையில் கட்டியிருந்ததைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள். விளக்குக்கு நேர் கீழே, கடிகாரங்களைப் பிரித்து வைக்கும் பச்சைத் துணியின் மேல், இடக்கையை வைத்தாள். அதைப் பிடித்திருந்த வலக்கையை எடுத்துக்கொண்டாள்.