தனியே ஓட்டும்போது கேட்ட சத்தம்

ஊர் ஊராய் அலைந்த நான், இப்போது வெள்ளவத்தையில் ஒரு குடும்பத்தின் ஜீப்பை ஓட்டுகிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தனியே திரும்பும்போது, பள்ளங்களில் முன்சில்லுப் பக்கம் ‘டொக்’ என்று கேட்கும். எல்லோரும் ஏறிக் கதைத்துக்கொண்டு வந்தால் கேட்காது.

“தனிய இருந்து இருந்து உங்கட காதுதான் சத்தம் போடுது, அண்ணை,” என்று வீட்டு அம்மா சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் நுவரெலியாப் பயணம். பிள்ளைகளும் வருவார்கள். மனம் கேளாமல் கொட்டாஞ்சேனை கராஜுக்குப் போனேன். மெக்கானிக் ஜாக் அடித்துச் சில்லை ஆட்டினார்.

“சில்லைப் பிடிச்சு வைக்கிற போல் ஜொயின்ட் கழண்டு விழப் பாக்குது. மலை இறக்கத்தில சில்லே மடிஞ்சிருக்கும். வேற ஒருத்தருக்கும் கேக்கேல்லையா?”

“நான் மட்டும்தான் கேட்டனான்.”

அன்றே புதியது போட்டோம். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன், ரேடியோவை நிறுத்தி, வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன். துணைக்கு ஆள் வேண்டாம் என்று நான் சொல்வது இந்த ஒரு வேலைக்குத்தான்.